கட்டைவிரல் அமுங்கும் அளவு

டயர்க்காரருக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் காற்று விஷயத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியாது. உலகத்துக் கஷ்டத்தில் பாதி, காற்றுக் குறைவால் வருவது என்பார். வண்டி இழுக்கவில்லையா, காற்றுக் குறைவு. டயர் ஓரம் தேய்கிறதா, காற்றுக் குறைவு. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கல்லை அழுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். விரல் ஒரு நெல்லளவு உள்ளே போனாலும் அந்த வண்டி அவர் கடை வாசலைத் தாண்டாது. கம்ப்ரஸரில் மீட்டர் என்று ஒன்று தொங்கத்தான் செய்தது. அதன் கண்ணாடியில் எண்ணெயும் தூசியும் அப்பி, முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் துடைக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லும், விரல் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது ஏரிக்கரையில் வாயைத் திறக்காமல் குந்தியிருந்தார். எதிரே அவர் மனைவி ஒரு தார்ப்பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். நான்கு மூலையையும் இழுத்துவிட்டு, முழங்கால் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அடியில் உறுத்திய சரளைக் கற்களைப் பொறுக்கி அப்பால் எறிந்தாள். சீருடை தைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். துணி விரித்துப் பழகிய கை.

"வெறுந்தரையில விரிக்கக் கூடாதாம். தம்பி சொன்னான்," என்றாள்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் பேசியதெல்லாம் இந்த ஒரு வார்த்தையில்தான் போய் முடிந்தது. தம்பி சொன்னான். அவர் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

அவளுடைய அந்தத் தம்பி இந்த ஏரிக்குள்தான் எங்கோ கிடந்தான். போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காற்றடைக்கிற படகு ஒன்றில் தனியாகப் போனான். சாயங்காலம் படகு மட்டும் ஒரு பக்கம் சப்பையாகி, கவிழ்ந்து, கரை ஒதுங்கியது. தீயணைப்புக்காரர்கள் மோட்டார் படகில் வந்து தேடினார்கள். முக்குளிக்கிறவர் ஒருவர் வந்து முங்கி முங்கிப் பார்த்தார். பிறகு அவர்களுக்கு வேறு ஊரில் வேறு ஏரி இருந்தது, போய்விட்டார்கள். ஏரியின் மேற்குக் கோடியில், அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்கள் இன்னும் மொட்டைக் கிளைகளோடு நிற்கின்றன. சுற்றிலும் பாசி. மோட்டார் அங்கே போனால் விசிறியில் பாசி சுற்றி நின்றுவிடும் என்று யாரும் அதற்குள் நுழையவில்லை. மீன் பிடிக்கிற கிழவர் ஒருவர்தான் அவளிடம் சொன்னார், மரத்துல மாட்டிக்கிட்டா அது மேல வராதும்மா, அடி தட்டையான சின்னப் படகுல போய்த்தான் பார்க்கணும் என்று. கிழவர் சாதாரணமாகச் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வாங்கிய அதே கடைக்குப் போய், அதே மாதிரிப் படகை, அதே நிறத்தில் வாங்கி வந்தாள். இருந்ததிலேயே மலிவானது அதுதான். கையில் இருந்ததும் அதற்குத்தான் காணும்.

அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நீ நீச்சல் தெரியாதவள், பாசிக்குள் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்றார். "நீங்க துடுப்பு போடுங்க, நான் பார்க்கறேன்," என்றாள் அவள். "பார்க்கறதுக்கு நீச்சல் எதுக்கு?"

படகுச் சுருளோடு அவள் இன்னொரு மூட்டையும் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு பிளாஸ்க் தேநீர், கொஞ்சம் ரொட்டி, ஒரு வெள்ளைப் போர்வை. போர்வை புதியது. மடிப்புக் கலையாமல், நாலு பக்கமும் அவள் கையாலேயே ஓரம் அடித்திருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

கல்யாணம் ஆனபோது தம்பிக்குப் பள்ளிக்கூட வயது. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்ட வீடு. என்னைக் கட்டிக்கிறதானால் அவனையும் சேர்த்துத்தான் என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். டயர்க்காரர் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "நான் ஒண்ணு வாங்கினேன், ஒண்ணு இலவசமா வந்துச்சு." அந்த இலவசம்தான் வளர்ந்து கடையில் பாதிப் பாரத்தைச் சுமந்தது. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதுமில்லை. அவன் இருந்தான், அது போதுமானதாக இருந்தது.

வேலையில் அவன் படு நிதானம். ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்த பிறகும் முழு வட்டத்தையும் இன்னொரு சுற்று முக்கிப் பார்ப்பான். ஓட்டை ஒன்றுதான் என்று யார் சொன்னது என்பான். அதற்குள் இரண்டு வண்டிக்காரர்கள் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "டேய் ஆமை," என்று டயர்க்காரர் கத்துவார். முப்பது தாண்டிய ஆளை அப்படிக் கூப்பிடலாமா என்று மனைவி கோபித்துக்கொள்வாள். அவன் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஆமைதான் மாமா கடைசியில போய்ச் சேருது," என்பான்.

தனக்கென்று அவன் எதுவும் ஆசைப்பட்டதில்லை. சிகரெட் கிடையாது, சினிமா கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பான். மீன் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சாக்கு அது. அப்படிப்பட்டவன் ஒருநாள் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து, அக்காவின் தையல் மிஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, கூடம் முழுக்கப் படகை விரித்தான்.

"இது படகா, பாயா?" என்றார் கட்டிலில் படுத்திருந்த டயர்க்காரர்.

அவன் அக்காவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். அவள் காலர் தைத்துக்கொண்டே காது கொடுத்தாள். முதலில் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் காற்று. பிறகு வலது பக்கம் பாதி, இடது பக்கம் பாதி. சுருக்கமெல்லாம் நீவிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றி வந்து நிரப்ப வேண்டும். ஒரே பக்கத்தை முழுக்க அடித்தால் ரப்பர் தாள்கள் சேருகிற ஒட்டு முறுக்கிக்கொள்ளும். கைப்பம்பு மட்டும்தான். நிரம்பினபிறகும் கட்டைவிரல் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

"ஏன் அமுங்கணும்?" என்று அக்கா கேட்டாள்.

"வெயில் ஏறினா உள்ள இருக்கற காத்து விரியும்க்கா. அதுக்கு இடம் விடணும். நீ கைக்குழிகிட்ட தைக்கும்போது கொஞ்சம் தளர்வு விடுவல்ல, அந்த மாதிரி."

அது அவளுக்குப் புரிந்தது. தளர்வு விடாமல் தைத்த சட்டை, போட்டவன் கையைத் தூக்கின உடனே பிரியும் என்பது அவளுக்குத் தெரியாததா. கட்டிலில் கிடந்தவருக்குத்தான் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷம் காற்றடித்தவனுக்கு முன்னால் இவன் காற்றுப் பாடம் நடத்துகிறான். மிதவைச் சட்டை எங்கேடா என்று அக்கா கேட்டதற்கு, அதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

இப்போது தார்ப்பாயின் மேல் படகு சப்பையாகக் கிடந்தது. அவள் அதன் ஒட்டு விளிம்பு முழுவதையும் நகத்தால் கீறிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். பிறகு, "அடியில முதல்ல," என்றாள்.

டயர்க்காரர் அடிப்பாகத்து வால்வில் குழாயைச் செருகி, புதுப் படகோடு வந்த கைப்பம்பை அடித்தார். கீச், கீச் என்று ஒரு சத்தம். எலி கத்துகிற மாதிரி இருந்தது. கம்ப்ரஸரின் தடதடப்பைக் கேட்டே வாழ்ந்த காது அது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏரியில் காற்றே இல்லை. எதிர்க்கரையில் யாரோ எருமைகளைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"போதும். இப்ப வலது பக்கம், பாதி."

அவர் குழாயை மாற்றினார். ஒவ்வொரு கீச்சுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று காலையில் ஆமை சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். ஏரிப் பக்கம் போகிற பால் வண்டியில் தொற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பால் வண்டிக்காரர் காற்றுப் பிடிக்க வந்திருந்தார். டயர்க்காரர் அவனிடமிருந்த கைப்பம்பைப் பார்த்துவிட்டு, இந்தப் பீப்பீயை வைத்து நீ எப்போது அடித்து எப்போது போவாய், பொழுது சாய்ந்துவிடும், கொண்டா இங்கே என்றார். அவன் தயங்கினான். பால் வண்டிக்காரர் சிரித்தார். பார்க்க ஆள் இருந்துவிட்டால் டயர்க்காரருக்குக் கை நிற்காது. வால்வில் துணியைச் சுற்றிக் கம்ப்ரஸர் குழாயைச் செருகினார். படகு ஒரு துள்ளுத் துள்ளி எழுந்தது. மாமா போதும் என்றான் அவன். அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அடித்தார். மாமா, போதும் மாமா என்றான். அவர் தட்டிப் பார்த்தபோது மத்தளம் மாதிரி கேட்டது. இப்பத்தான் இது படகு என்றார். பால் வண்டியின் கேன்களுக்கு மேலே வெயிலில் கட்டிக்கொண்டு போனார்கள். ஏரியில் போய் அவன் கொஞ்சம் காற்றை இறக்கியிருக்கலாம். ஆனால் மாமா அடித்த காற்றை அவன் எந்தக் காலத்தில் இறக்கியிருக்கிறான்?

பெஞ்சின் மேல் அந்தக் கைப்பம்பு கிடந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டானே, சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதைத் தன் சரக்கு வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டார்.

தண்ணீருக்குள் நிற்கிற அடிமரம் குத்திக் கிழித்துவிட்டது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். ஸ்டேஷன் கொல்லையில் கிடந்த படகை டயர்க்காரர் போய்ப் பார்த்தார். கிழிசல் என்றால் பிசிறு இருக்கும். இது பிசிறில்லாமல், ஒட்டு நெடுக வாய் பிளந்து கிடந்தது. ரப்பரோடு பிறந்து ரப்பரோடு வளர்ந்த கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, அடிமரம்தான் என்றார். அன்று ராத்திரி அவள் சோறு போட்டாள். சாப்பிட்டார்.

"என்ன நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி.

அவர் நிறுத்தவில்லை. பம்போடு சேருகிற இடத்தில் குழாய் விண்டுவிட்டது. மலிவுச் சாமானின் லட்சணம். காற்று பம்பின் அடியிலேயே புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. வேலை நடுவில் ஒன்று பழுதாகிவிட்டால் டயர்க்காரருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். உலகத்தில் அந்தப் பழுது ஒன்றுதான் மிச்சமிருக்கும். அவர் விண்ட இடத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், கடையில் இத்தனை வருஷமாக ஆமைக்குக் குரல் கொடுத்த மாதிரியே குரல் கொடுத்தார்.

"சீட்டுக்கு அடியில டேப்பு இருக்கும் பாரு, எடுத்துட்டு வா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, சரக்கு வண்டி நின்ற மேட்டில் ஏறினாள். அவள் வண்டிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. எழுந்தார். இரு, நானே வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சீட்டைத் தூக்கி வைக்கிற சத்தமும் கேட்டுவிட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் டேப் இல்லை. பம்பு இருந்தது. கைப்பிடியையும் உருளையையும் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை அப்படியே இருந்தது. குழாய் உறைக்குள் சுருண்டிருந்தது. அவள் அதை அவர் முன்னால் நீட்டவில்லை, தன் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது அவனோடதுங்க."

"ஆமா."

"பட்டையே பிரிக்கலை." அவள் யோசித்துக்கொண்டே பேசினாள், இன்னும் கோபம் வரவில்லை. "அப்ப அவன் எதுல காத்தடிச்சான்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. வேறு பம்பு இருந்தது, யாரிடமோ வாங்கிப் போனான், ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் அப்படி யோசிக்கவும் செய்தார். ஆனால் இத்தனை நாள் சுமந்ததில் முதுகு ஒடிந்துபோயிருந்தது.

"அவன் அடிக்கலை. நான்தான் அடிச்சேன். கடை கம்ப்ரஸர்ல."

"எவ்வளவு?"

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளுக்கு அந்த விரலைத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். போதும் மாமான்னான்."

"ஒரு தடவை சொன்னானா?"

"ரெண்டு தடவை."

அவள் கீழே உட்கார்ந்தாள். அவள் கேட்காமலேயே அவர் மிச்சத்தையும் சொன்னார். அடிமரம் இல்லை, ஒட்டு விட்டிருந்தது, ஸ்டேஷனில் பார்த்த அன்றைக்கே தெரியும் என்றார். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று எங்கோ ஒரு நைப்பாசை இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் போட்ட சோத்தைத் தின்னீங்க," என்றாள்.

அவ்வளவுதான். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். மண்ணை வாரித் தூற்றுவாள், பம்பாலேயே மண்டையில் போடுவாள், போட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அடிக்கவில்லை. அழவுமில்லை. பிறகு பம்பைத் தூக்கி, நூலைக் கடிக்கிற மாதிரி அந்தப் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. வலது பக்கத்துப் பாதியை அவளே நிரப்பினாள். பிறகு இடது பக்கம். சுருக்கங்களை நீவிவிட்டு, வால்வு மூடிகளைத் திருகிப் பார்த்து, மறுபடி அடிப்பாகத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம். தம்பி வைத்துவிட்டுப் போன வரிசையில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மூச்சு வாங்கியது, வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது, நிறுத்தவில்லை. இதையெல்லாம் இப்போது சரியாகச் செய்து யாருக்கு என்ன? சரியாகச் செய்யப்பட வேண்டியிருந்த படகு வேறு. அது ஸ்டேஷன் கொல்லையில் கிடக்கிறது. டயர்க்காரர் பக்கத்தில் நின்றபடி, வேலை தெரியாத புதுக் கூலி மாதிரி, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்தார்.

கடைசியில் அவள் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ரப்பர் கொஞ்சம் உள்ளே போய், விரலை எடுத்ததும் திரும்பியது.

"இவ்வளவுதான் வேணுமாம்," என்றாள் யாரிடமோ.

இழுத்துக்கொண்டு போகாமல் இரண்டு பேரும் இரண்டு முனையைத் தூக்கிப் போய் முழங்காலளவு தண்ணீரில் வைத்தார்கள். அவள் பம்பையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். தேநீரையும் ரொட்டியையும் கரையிலேயே விட்டுவிட்டாள். அவர் தண்ணீரிலேயே நின்றார். தான் ஏறலாமா கூடாதா என்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஏறுங்க," என்றாள் திரும்பாமல். "எனக்குத் துடுப்பு போடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கூப்பிட மாட்டேன்."

அவர் ஏறினார்.

அன்றைக்கும் தம்பி கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மொட்டை மரங்களுக்கு நடுவே, பாசியைத் துடுப்பால் விலக்கி விலக்கி, வெயில் சாய்கிற வரை அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் படகின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பார்த்தாள். ஒரு பழைய வலை கிடைத்தது, அழுகிய ஒரு சாக்கு கிடைத்தது. சாக்கைப் பார்த்ததும் அவள் குரல் எழும்பாமல் ஒரு மூச்சு விட்டாள். அவர் துடுப்பால் அதைப் புரட்டினார். சாக்குத்தான். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் அவள் அவருக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் தட்டை வைத்துவிட்டு, அவர் தின்று முடிக்கிற வரை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அந்த முதல் நாள், மரங்களுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று நடந்தது. ஆழத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரில் உள்ளே இருந்த காற்று சுருங்கி, படகு லேசாகத் தளர்ந்தது. உட்கார்ந்திருந்த தொடைக்கு அடியில் அந்தத் தளர்ச்சி அவருக்குத் தெரிந்தது. பழகின உடம்பு. அவர் யோசிக்கவே இல்லை. விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரல் இறங்கியது. ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை முன்னால் கிடந்த பம்புக்கு நீட்டினார்.

"போதும்," என்றாள் அவள்.

தண்ணீரிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அவன் சொன்ன மாதிரியேதான் சொன்னாள்.

அவர் கை பாதி வழியில் நின்றது. அவளை இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை.